வெள்ளையடிப்பும் முக்குளிப்பும்

பழைய காரைவீடு வைத்திருப்போர் இருவகை அறிவுரைகளைக் கேட்கவேண்டியிருக்கிறது. இடித்துவிட்டுக் கட்டு என்பது ஒன்று. பாட்டன் காலத்துச் சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி என்று உருகித் தொழுவது மற்றொன்று. நம் இலக்கிய நண்பர்களிடையே இரண்டாவது கட்சிக்கே செல்வாக்கு. எங்களுக்கும் அப்பக்கமே சாய்வு. ஆனாலும் அந்தச் சுண்ணாம்பும் கல்லும் எங்கிருந்து வந்தன என்பதை அக்கட்சியார் பேசுவதில்லை. பேசவேண்டும் என்பதே எங்கள் கருத்து.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மண்டபம் பக்கத்தில் நண்பரொருவரின் பூர்வீக வீட்டுச் சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்கப் போயிருந்தோம். முன்பு யாரோ பூசிய எமல்ஷன் கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து நின்றது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மேல் பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்தினால் ஈரம் உள்ளே சிக்கி, உப்புப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். சிமெண்டுப் பூச்சும் இதே துரோகத்தைச் செய்யும், சற்று மெதுவாக. நண்பகலுக்குள் இரண்டடிச் சதுரத்துக்குக் காரை உதிர்ந்து, அடியில் முருகைக்கல் தெரிந்தது. மூளையின் மடிப்பையொத்த வரிகளும் தேனடைக் கண்களும் அப்படியே இருந்தன. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரிலும் இதே கல்தான். அதனருகே நின்று படமெடுத்துக்கொள்வோரில் எத்தனை பேர் அது பவளமென்று அறிவார்களோ!

மறுநாள் பாக் விரிகுடாப் பக்கம், பயிற்றுநர் துணையோடு ஸ்கூபா முக்குளிப்பு. ஆழம் ஆறு மீட்டருக்குள்தான், அனுபவஸ்தர்கள் நகைக்கக்கூடும். இறங்குமுன் சொல்லப்பட்ட முதல் விதி, மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இருமடங்கு. அங்கே இழுத்த காற்று மேலே வருகையில் இருமடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும். முந்தின நாள் சுவருக்கு நேர்ந்ததும் இதுதானே என்றார் நண்பர். (உவமையைச் சற்று இழுக்கிறார், போகட்டும்.)

கீழே, சுவரில் கண்ட அதே மடிப்புகள் பழுப்பும் பச்சையுமாய் உயிரோடிருந்தன. அந்நிறம் பவளத்தின் திசுக்களில் குடியிருந்து, வெயிலைக்கொண்டு அதற்கு உணவு சமைத்துத் தரும் நுண்பாசிகளுடையது. நீர் அளவுமீறிச் சூடேறினால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு, வெளிறிப் பட்டினி கிடக்கும். 2016இல் மன்னார் வளைகுடாவில் அவ்வாறு பரவலாக வெளிறியதில் ஒரு பகுதி மீளாமலே மடிந்தது. நாங்கள் பார்த்த இடத்திலும் ஓரிரு வெண்திட்டுகள் இருந்தன. சுவருக்கென்று தேர்ந்திருந்த அதே வெள்ளை.

வெப்பத்துக்கு முன்பே கடப்பாரை வந்துவிட்டது. வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்குமாகப் பல பத்தாண்டுகள் பவளம் வெட்டியெடுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கியதற்கு அவ்வெட்டும் ஒரு காரணம். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல்தான் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது.

இதனால் பழைய வீடுகளை வெறுக்கவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. நேர்மாறாக, கடலிடமிருந்து பறித்துக் கட்டிய சுவரை இடித்துக் குப்பையில் கொட்டுவது இரண்டாம் கொலை. எமல்ஷன் பூசுவது அதையே தவணை முறையில் செய்வது. சுண்ணாம்பே பூசுக. சுட்டபோது இழந்த கரியமில வாயுவைச் சுவரில் ஏறியபின் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு அது மறுபடி கல்லாகிறது. எந்தக் காளவாய், எந்தக் கல், எந்தக் கிளிஞ்சல் என்று மட்டும் கேட்டு வாங்குக. மரபு என்ற சொல்லின்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு நகரலாகாது.

நண்பர் சுண்ணாம்பு ஊறப்போட்டிருக்கிறார். உதிர்ந்த இரண்டடிச் சதுரத்தைப் பூசாமல், வருவோர் கண்ணில் படும்படி விடவேண்டும் என்பது எங்கள் யோசனை. வீட்டின் முகப்பில் ஓட்டையா என்று அவருடைய தாயார் இன்னும் சம்மதிக்கவில்லை.