பிடித்த காசு நம் காசு!

சம்பளச் சீட்டை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள், தோழர்களே! மாதா மாதம் 'பி.எப்.' என்று ஒரு பிடித்தம் அதில் இருக்கும். 'பிடித்தம்' என்ற சொல்லே நம்மை மயக்குகிறது. ஏதோ அபராதம் போட்டதுபோலவும், சர்க்கார் வரி வசூலித்ததுபோலவும் நம்மில் பலர் அதை எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது அபராதமல்ல, வரியுமல்ல. அது நம் கூலி. கை ஓய்ந்த காலத்தில் கஞ்சிக்கு ஆகட்டும் என்று எடுத்து வைக்கப்பட்ட கூலி.

பிராவிடண்ட் பண்டு சட்டம் 1952-ல் வந்தது. முதலில் அது ஆறு தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. அந்த ஆறில் துணி ஆலைத் தொழிலும் ஒன்று. அன்று பிடித்தம் ரூபாய்க்கு ஓர் அணா. அதாவது நூற்றுக்கு ஆறேகால். படிப்படியாக உயர்ந்து 1997-ல் 12 சதவீதம் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறலாம். நம் பாத்தியதை மாறவில்லை.

கணக்கு எப்படி ஓடுகிறது? பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு நூற்பாலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பங்கு 1,440 ரூபாய். முதலாளியும் அதே 1,440 கட்ட வேண்டும். ஆனால் முதலாளியின் பங்கு முழுவதும் தொழிலாளியின் பி.எப். கணக்கில் ஏறுவதில்லை. அதில் 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், பென்ஷன் நிதிக்குப் போகிறது. மிச்சம் 440 ரூபாய்தான் கணக்கில் சேருகிறது. ஆக, மாதம் 1,880 ரூபாய். இதற்கு 2024-25-ல் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். இந்த வட்டி நிலைத்தால் நாலு வருஷத்தில் சுமார் ஒரு லட்சம் ரூபாய் சேரும்.

இந்த ஒரு லட்சத்தில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. தொடர்ந்து ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு எடுத்தால் வரி இல்லை. ஐந்து நிறையுமுன் கணக்கை முடித்தால் வருமான வரிச் சட்டம் குறுக்கே வருகிறது. தொகை 50,000 ரூபாயை எட்டினால் நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். பான் கார்டு இணைக்காதவருக்கு நூற்றுக்கு இருபது. நாலு வருஷம் இயந்திரத்தோடு மல்லாடிச் சேர்த்த லட்சத்தில் பத்தாயிரமோ இருபதாயிரமோ போய்விடுகிறது!

இந்தத் தொழிலாளிக்கு உண்மையில் வரி உண்டா? மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு வருமான வரி பூஜ்யம். பூஜ்யம் வரி கட்ட வேண்டியவரிடம் பத்தாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, "கணக்குத் தாக்கல் செய், திருப்பித் தருகிறோம்" என்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பெண் எந்த ஆடிட்டரைத் தேடிப் போவாள்? எத்தனை பேர் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கியிருப்பார்கள்?

ஆகவே ஒவ்வொரு தொழிலாளியும் மனத்தில் பதிய வைக்க வேண்டிய சங்கதிகள் சில உண்டு. ஒரு மில்லை விட்டு இன்னொரு மில்லுக்குப் போனால் பழைய கணக்கை முடிக்காதீர்கள். புதிய கணக்குக்கு மாற்றுங்கள். 12 இலக்க எண் ஒன்றுதான். மில் மாறினாலும் அது மாறாது. முதல் மில்லில் மூன்று வருஷம், அடுத்த மில்லில் இரண்டு வருஷம் என்றாலும், மாற்றிக்கொண்டால் ஐந்து வருஷமாகவே கணக்காகும். மில்லை மூடினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், உடம்பு கெட்டு வேலை போனாலும், ஐந்து வருஷம் ஆகாவிட்டாலும் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. இதை மில் ஆபீசில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அவசியத்துக்கு எடுத்தே தீர வேண்டுமானால், வரி கட்டும் வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை, 15ஜி என்று நாம் அறிந்ததை, விண்ணப்பத்தோடு கொடுத்துவிட வேண்டும். பத்து வருஷம் சேவை நிறைந்தால்தான் பென்ஷன் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். சம்பளத்தில் பிடித்ததை முதலாளி அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம். காண்டிராக்டர் பெயரில் வேலை வாங்கினாலும் ஆலை நிர்வாகமே பொறுப்பு. பாஸ் புத்தகத்தைக் கைபேசியிலேயே பார்க்கலாம். மாதம் ஒரு முறை பாருங்கள். பார்க்கத் தெரியாத தோழருக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

தொழிலாளி விழித்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2016-ம் வருஷமே சாட்சி. முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை தொடக்கூடாது என்று பிப்ரவரி 10-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. அதே மாதம் பட்ஜெட்டில், எடுக்கும் பி.எப். பணத்தில் 60 சதவீதத்துக்கு வரி என்றது. எங்கும் எதிர்ப்பு கிளம்பவே, மார்ச் 8-ல் வரி யோசனையை வாபஸ் வாங்கிற்று. உத்தரவோ நின்றது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து பெண் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாய் வீதிக்கு வந்தார்கள். பெரிய தலைவர் யாரும் அழைக்கவில்லை. "எங்கள் பணம் எங்களுக்கு" என்பதே அவர்கள் சொன்ன நியாயம். 19-ம் தேதியே உத்தரவு ரத்தாயிற்று!

அதே சங்கதி இப்போது வேறு உடையில் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 13-ல் பி.எப். மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவின்படி, வேலை போனவர் முக்கால் பங்கை உடனே எடுக்கலாம். மீதிக் கால் பங்குக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். முன்பு இரண்டே மாதம்தான். முக்கால் பங்கு உடனே கிடைப்பது நல்லதுதான். ஆனால் வேலையும் இல்லை, மறு வேலையும் கிடைக்கவில்லை என்ற வீட்டில் அந்தக் கால் பங்குதான் அரிசி, அதுதான் பள்ளிக்கூடச் சம்பளம். பசிக்குப் பன்னிரண்டு மாதத் தவணை உண்டா?

பென்ஷனோ இன்னும் பரிதாபம். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். 2025 முடிந்தும் அதே ஆயிரம்தான். இந்தப் பதினோரு வருஷத்தில் அரிசி விலை நின்ற இடத்தில் நின்றதா? பஸ் கட்டணம் நின்றதா?

இத்தனையும் சட்டத்துக்குள் இருப்பவர்கள் கதை. வெளியே நிற்பவர்கள்? 50 பேர் என்றிருந்த வரம்பை 1960-ல் 20 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் அறுபத்தைந்து வருஷமாக அந்த இருபது அசையவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கொட்டகைகளில் ஒரே முதலாளியின் தறிகள் மனைவி பேரிலும் மைத்துனன் பேரிலும் பிரிந்து நிற்கும் மர்மம் இந்த இருபதில்தான் இருக்கிறது!

மரவள்ளிக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் பாடுபடும் விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. 2019-ல் அமைப்புசாராத் தொழிலாளர் பென்ஷன் திட்டம் என்று ஒன்று வந்தது. 29 வயதில் சேர்ந்தால் மாதம் 100 ரூபாய் கட்ட வேண்டும். சர்க்கார் 100 போடும். 60 வயதில் 3,000 ரூபாய் பென்ஷன். 40 வயதைத் தாண்டியவருக்கு இடமில்லை. விலைவாசி வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறினால், 31 வருஷம் கழித்து அந்த 3,000 இன்றைய 660 ரூபாய்ச் சாமானைத்தான் வாங்கும். தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷனை 2023-ல் 1,200 ஆக்கினார்கள். அதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு வெறும் 200 ரூபாய். 2007-லும் 200, 2025-லும் 200!

பெரிய சம்பளக்காரருக்குப் பழைய வரி முறையில் ஒன்றரை லட்சம் வரை சேமிப்புக்கு வரிச் சலுகை உண்டு. வரி கட்டுகிறவருக்குத்தானே வரிச் சலுகை! களை வெட்டும் தாய்க்கு அதனால் ஒரு தம்படி லாபமில்லை. முதுமைக்குச் சர்க்கார் செய்யும் உதவி, உள்ளவன் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறது.

நம் கோரிக்கைகள் நியாயமானவை. வருமான வரி வரம்புக்குக் கீழே உள்ள தொழிலாளியின் பி.எப். பணத்தில் வரி பிடிப்பதை நிறுத்து! வேலை போனவரின் கால் பங்கை நிறுத்தி வைக்காதே! குறைந்தபட்சப் பென்ஷனை விலைவாசியோடு சேர்த்து உயர்த்து! இருபது பேர் என்ற வரம்பை நீக்கு! விவசாயத் தொழிலாளிக்கு வாழத்தக்க பென்ஷன் கொடு!

மில் கேட்டில் பேசுங்கள். தறிக் கொட்டகையில் பேசுங்கள். களத்து மேட்டில் பேசுங்கள். ஆலைத் தொழிலாளியின் பாஸ் புத்தகமும் விவசாயத் தொழிலாளியின் வெறுங்கையும் ஒரே வழக்கின் இரண்டு சாட்சிகள். பிடித்த காசு நம் காசு. அதைக் காப்பாற்றுவோம்! பிடிக்கக்கூடக் காசு இல்லாதவருக்கும் உரிமை வாங்கிக் கொடுப்போம்!