ஜேர்சியில் இறந்தவர்கள்

நியூயோர்க்கின் புரூக்லினில் 149 அடி உயரத் தூண் ஒன்று நிற்கிறது. அமெரிக்கப் புரட்சிப் போரில் பிரித்தானியச் சிறைக்கப்பல்களில் மாண்ட கைதிகளின் எலும்புகள் அதனடியில் இருக்கின்றன. 11,000 பேருக்கு மேல் என்பது வழக்கமான கணக்கு. கூட்டிச் சொன்னதென்பாரும் உளர். அக்காலத்தில் எந்தக் கப்பலில்தான் நோய் இல்லை, இதில் யாரைக் குற்றஞ்சொல்வது என்று கேட்பவர்களோடு எமக்கு உடன்பாடில்லை.

நோய் உண்மைதான். அம்மை, வயிற்றோட்டம், காய்ச்சல். ஆனால் வோலபௌட் குடாவில் கிடந்த ஜேர்சி என்ற பழைய போர்க்கப்பலின் கீழ்த்தட்டுகளில் ஆயிரம் பேரை இரவிரவாகப் பூட்டிவைத்தது நோயல்ல. பிரித்தானிய மாலுமியின் பங்கில் மூன்றில் இரண்டை மட்டும் அளந்து கொடுத்ததும் நோயல்ல. எங்கள் கடற்படையில் சேர், வெளியே போகலாம் என்றார்கள். பலர் மறுத்து அங்கேயே செத்தார்கள்.

இவர்களை யுத்தக் கைதிகள் என்று அழைத்தால் அமெரிக்கா ஒரு நாடென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். துரோகிகளென்று வழக்குப் போட்டுத் தூக்கிலிட்டால் மறுபக்கத்தில் பிடிபட்ட பிரித்தானியருக்கும் அதுவே நடக்கும். ஆகவே 1777இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது: துரோகமோ கடற்கொள்ளையோ சாட்டப்பட்டவரை விசாரணையின்றியே வைத்திருக்கலாம். யுத்தக் கைதி என்ற சொல் சட்டத்தில் ஏற 1782 ஆயிற்று. போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கோப்பில் எழுதப்படும் ஒரு சொல்லுக்காக வருடக்கணக்கில் காத்திருந்த எமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் எதிரியை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் எமக்கு மனமில்லை. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் தனியார் போர்க்கப்பல்களில் சென்ற மாலுமிகள். அவர்களுக்கு மாற்றாகக் கொடுக்க அமெரிக்கர் கையில் போதிய பிரித்தானிய மாலுமிகள் இல்லை, படைவீரர்கள் இருந்தார்கள். படைவீரரைக் கொடுத்து மாலுமியை மீட்பது எதிரிக்குப் பலஞ்சேர்க்கும் என்று வோஷிங்டன் மறுத்தார். போர்க்கணக்கில் அது சரியாக இருக்கலாம். கீழ்த்தட்டில் கிடந்தவனுக்கு அந்தக் கணக்கை யார் போய்ச் சொல்வது?

அங்கே கிடந்தவர்களில் ஒருவன் ஜேம்ஸ் போர்ட்டன். 1781இல் பிடிபட்டபோது பதினைந்தே வயதான, பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவன். பிடித்த கப்டன் இங்கிலாந்துக்கு வரும்படி கேட்டும் நாட்டைக் காட்டிக்கொடுக்க மாட்டேனென்று மறுத்து, ஜேர்சியில் ஏழு மாதம் இருந்தான். அந்த நாடு 1865 வரை அவனுடைய இனத்தவரை அடிமைச் சந்தையில் விற்றது.

இறந்தவர்களைக் கரையோர மணலில் மேலோட்டமாகப் புதைத்தார்கள். போர் முடிந்தும் அலை எலும்புகளை வெளியே கிளறிக்கொண்டிருந்தது. வோஷிங்டனின் பெயரைத் தலைநகருக்கு 1791இலேயே சூட்டிவிட்டார்கள். புரூக்லின் தூண் எழுந்தது 1908இல்.