இடமலைக்குடிக்கு விரிதாளே போதும்

கட்டுமானச் செலவை எக்செல் விரிதாளில் மதிப்பிடுவது பிற்போக்கு, தனி மென்பொருளுக்கு மாறுவதே நேர்மை என்ற கருத்து பொறியியல் துறைகளில் வேரூன்றியிருக்கிறது. இடுக்கி மலைகளில் அந்தக் கருத்து செல்லாது.

கேரளப் பொதுப்பணித் துறை, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'பிரைஸ்' மென்பொருளில் மதிப்பீடுகளைத் தயாரிக்கிறது. அதற்கு அடிப்படை மத்தியப் பொதுப்பணித் துறையின் டெல்லி விலைப்பட்டியல். அதன்மேல் இடத்துக்கேற்ற செலவுக் குறியீடு ஏற்றப்படுகிறது. பாலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் இது நல்ல ஏற்பாடு. அத்தனை இனங்களின் விலையையும் விரிதாளில் சீராக வைத்திருக்க முடியும் என்பவர் பெரிய பணி எதையும் கணக்கிட்டிராதவர்.

இடமலைக்குடியின் நிலை வேறு. 2010இல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி அது. முதுவர் குடிகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. பெட்டிமுடிக்கு அப்பால் வண்டித்தடம் முடியும் இடத்திலிருந்து சிமென்ட் மூட்டை நீண்ட காலம் ஆள்சுமையாகவே போயிற்று. பாலக்காட்டு அட்டப்பாடியின் உள்காட்டுக் குறும்பர் ஊர்கள் சிலவற்றின் கதையும் இதுவே. இங்கெல்லாம் சிமென்டின் விலையைவிட அது கடந்த தூரமே வீட்டுச் செலவைத் தீர்மானிக்கிறது. லைஃப் திட்டமோ பொதுவாக 4 லட்சம், பழங்குடிக் குடியிருப்புகளில் 6 லட்சம் என்று ஒரே கோடு போட்டது. அதன் முதல் கட்டமே முந்தைய திட்டங்களில் பாதியில் நின்றுபோன வீடுகளை முடிப்பதாகத்தான் இருந்தது என்பதை மென்பொருள் அன்பர்கள் நினைவில் கொள்வது நல்லது.

பட்டியலில் இல்லாத இனத்தைப் பிரைஸிலும் சேர்க்கலாமே என்பார்கள். சேர்க்கலாம். ஆனால் சேர்ப்பவர் கடவுச்சொல் வைத்திருக்கும் பொறியாளர். வழியின் ஏற்றம் அறிந்தவர் ஊருக்கூட்டத்தில் அமர்ந்திருப்பவர். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டம் ஒப்பந்ததாரரை விலக்கிப் பயனாளிக் குழுக்களிடம் பணியை ஒப்படைக்க முயன்றது. மதிப்பீட்டைத் திறந்து பார்க்கவே இயலாத குழு எதைக் கேள்வி கேட்கும்? மூட்டை எத்தனை, நடை எத்தனை, நடைக்குக் கூலி எவ்வளவு என்று விரிதாளில் ஒரு வரி இருந்தால், அதில் விரல் வைத்து "இந்த நடைக்கணக்கு தவறு" என்று ஒரு முதுவர் சொல்லிவிடலாம்.

விரிதாளின் பிழைக்கு எடின்பரோ குழந்தைகள் மருத்துவமனையைச் சான்று காட்டுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு 10 முறை காற்று மாற வேண்டும். 2012இல் தயாரான விரிதாளில் 4 என்று பதிவாகி, 2019இல் திறப்புக்குச் சில நாள் முன்புதான் அது வெளிப்பட்டது. வலுவான சான்றுதான். ஆனால் 10 என்பது விதிநூலில் உள்ள எண். மென்பொருளால் அதைச் சரிபார்க்க முடியும். சொசைட்டிக்குடிக்கு ஒரு மூட்டை நடக்கும் நேரம் எந்த விதிநூலிலும் இல்லை.

ஆய்வுலகம் மறக்கக்கூடாத எதிர்ச்சான்று ஒன்று உண்டு. ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் 2010இல் வெளியிட்ட கடன்–வளர்ச்சி ஆய்வின் சராசரியில் 5 நாடுகள் விடுபட்டிருந்ததை, 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் அவருக்கு அனுப்பிய கோப்பு ஓர் எக்செல் விரிதாள். வாய்பாடு கட்டத்துக்குள்ளேயே இருந்தது.

மலைக்குடி வீடுகளின் மதிப்பீடு, சுமைகூலி வரியோடு, மலையாளத்திலும் தமிழிலும் விரிதாளாக ஊருக்கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட கூலியை அதன்பிறகு பிரைஸில் ஏற்றிக்கொள்ளட்டும்.