விரலுக்கு யார் பொறுப்பு?

எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் அதைத் தெருவில் இறக்கக் கூடாது என்பது சட்டம். அதே வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, என் பெண்ணுக்கு ஆறு வருஷமாக வீணை சொல்லிக் கொடுத்து வரும் அம்மாளின் விரல்களுக்கு எவ்வித இன்ஷூரன்ஸும் கிடையாது. ஐப்பசி மழையில் அந்த அம்மாள் எங்கள் வாசற்படியில் வழுக்கி விழும் வரையில் இது என் புத்தியில் படவே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மெட்டுக்களின் மேல் ஓட வேண்டிய கை அது! மாதம் பிறந்ததும், கையில் கட்டுடன் வாசலில் வந்து நின்றார்.

"பாடம் நடக்கவில்லையே, இந்த மாதச் சம்பளம் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

அவர் போன பிறகு என் பெண் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு ஜுரம் வந்தால் ஆபீஸில் சம்பளத்தோடு லீவு கொடுக்கிறார்கள். மாமிக்கு யார் கொடுப்பார்கள்?"

பதில் தேடிக் கிளம்பினேன். 1956-ல் 245 ஸ்தாபனங்களை ஒன்று சேர்த்து ஆயுள் இன்ஷூரன்ஸைத் தேசம் தன் கையில் எடுத்துக்கொண்டது. எளியவர் வீட்டுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். 2015-ல் சர்க்கார் இரண்டு திட்டங்களைத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் பாங்கியில் கணக்கு இருந்தால் போதும். ஜீவன் ஜோதி திட்டத்தில் 18 முதல் 50 வயது வரை சேரலாம்; இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுரக்ஷா திட்டம் 70 வயது வரை உள்ளவர்களுக்கு. விபத்தில் உயிர் போனால் 2 லட்சம், ஒரு கை அடியோடு போனால் 1 லட்சம். 2022 ஜூன் முதல் இவற்றுக்கு வருஷப் பிரீமியம் முறையே 436 ரூபாயும் 20 ரூபாயும். 70 வயது நிரம்பிய வாத்தியார்களுக்கோ, வருமான வித்தியாசமின்றி, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவை 2024 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஏற்கிறது.

இரண்டு பிரீமியமும் சேர்ந்து 456 ரூபாய். பத்து வீடுகளில் பாடம் சொல்லும் வாத்தியாருக்கு, வீட்டுக்கு 46 ரூபாய்கூட ஆகாது. விஜயதசமியன்று வெற்றிலை பாக்குத் தட்டில் நாம் வைக்கும் தக்ஷிணையில் இது ஒரு பெரிய காரியமா?

ஆனால், நேயர்களே, இதிலும் ஓர் ஓட்டை உண்டு. கை போனால்தான் பணம். முறிந்து பிறகு கூடிவிடும் எலும்புக்குச் சுரக்ஷாவில் காசு கிடையாது. பாட்டு வாத்தியாரின் தொண்டை மூன்று மாதம் கட்டிக் கொண்டாலும் அப்படியே. இன்ஷூரன்ஸ் கணக்கில் விரல் வேறு, கை வேறு. வீணைக்கோ விரல்தான் கை. அந்த மூன்று மாதத்துக்குப் பொறுப்பாளி யார்? நாம்தான். அவரிடம் கற்கும் பத்து வீடுகளும், பாடம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் சம்பளத்தை நிறுத்துவதில்லை என்று தீர்மானித்தால், அதைவிட நல்ல பாலிஸி எந்தக் கம்பெனியிலும் கிடையாது.

மறுநாள் சம்பளத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் வீட்டுக்கு நாங்கள் போனோம். அவர் வாங்கத் தயங்கினார்.

"மாமி, எனக்கு இன்னும் எத்தனையோ கீர்த்தனங்கள் பாக்கி இருக்கின்றன. இது அவற்றுக்கு முன்பணம்" என்றாள் என் பெண்.

அம்மாள் வலது கையை நீட்டி வாங்கிக் கொண்டார்.