300 மி.மீ. மயக்கம்

டில்லியில் குளிர் தொடங்கிவிட்டால் மயூர் விஹார் பக்கம் கழுத்தில் கேமரா தொங்க நடப்பவர்கள் பெருகிவிடுவார்கள். சஞ்சய் ஏரி கூப்பிடு தூரம். ஓக்லா பறவைகள் சரணாலயத்தின் பெயரிலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. கையில் இருப்பது பெரும்பாலும் கேனான் 1500டி, நிகான் டி3500 போன்ற தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். கூடவே வந்த 18-55 கிட் லென்ஸில் வாத்து வெறும் புள்ளியாக விழுவதைப் பார்த்ததும் டெலி ஜூம் ஆசை வரும். அப்போது கடைக்காரர் முதல் பழுத்த பறவைப் பிரியர் வரை எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொல்வார்கள்: “300-க்குக் குறைந்து வாங்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.” இது தவறான புத்திமதி என்பது என் கட்சி.

எண் பெரிதானால் பறவையும் பெரிதாகும் என்பது அவர்களின் தலையாய வாதம். ஆகும்தான், ஆனால் எவ்வளவு? 30 மீட்டர் தள்ளி நிற்கும் 30 செ.மீ. பறவை, 250 மி.மீ.யில் சென்சார் மேல் 2.5 மி.மீ. நீளத்துக்கு விழும், 300-இல் 3 மி.மீ. 1500டி-யின் சென்சார் அகலம் 22.3 மி.மீ.; படத்தின் அகலம் 6000 பிக்சல். அதாவது பறவைக்குக் கிடைப்பது ஒன்றில் சுமார் 670 பிக்சல், மற்றதில் 800. இந்த 130 பிக்சலுக்குத்தான் இத்தனை சண்டை. ஐந்து மீட்டர் முன்னால் போய் நின்றால் 250-லேயே அந்த 800 வந்துவிடும்.

அந்த 130 பிக்சலும் தெளிவாக இருந்தால் சரி. மலிவு விலையில் 300 கேட்பவர் கையில் கடைக்காரர் திணிப்பது கேனான் 75-300. அது ஃபிலிம் காலத்து வடிவமைப்பு; மூன்றாம் பதிப்பே 1999-இல் வந்தது. எந்த முனைக்காகக் காசு கொடுத்தோமோ அந்த 300-இல்தான் இறகுக் கோடுகள் குழைகின்றன. அப்பர்ச்சரை எஃப்/8-க்குக் குறுக்கினால் கொஞ்சம் தேறும். 2013-இல் வந்த 55-250 எஸ்.டி.எம். 375 கிராம்தான். முழு அப்பர்ச்சரிலேயே அதைவிடத் தெளிவு. 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும் என்பதால் பூங்காவில் வண்ணத்துப்பூச்சியும் எடுக்கலாம். 75-300-க்கு ஒன்றரை மீட்டர் வேண்டும். என் கண்ணுக்கு, 250-இல் எடுத்து வெட்டிப் பெரிதாக்கிய படமே மேல்.

75-300-இல் ஐ.எஸ். (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி; நிகானில் வி.ஆர்.) இல்லையே என்றால், “ஐ.எஸ். எதுக்கு? ட்ரைபாட் இருக்கே” என்பார்கள். வட்டமிடும் கரும்பருந்தை மலிவு ட்ரைபாடில் துரத்திப் பார்த்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 நொடியைவிட வேகமாக ஓடவேண்டும், அங்கே ஐ.எஸ்.-ஆல் பெரிய பலனில்லை என்பது உண்மை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாம் எடுப்பதில் பாதி, கிளையில் உட்கார்ந்திருக்கும் சாம்பல் இருவாச்சியும் கரையோரம் நிற்கும் நாரையும்தானே? கை நடுக்கம் தெரியாமல் எடுக்க, 250 மி.மீ.க்கு கேனானின் 1.6 பெருக்கம் சேர்த்தால், 1/400 வேண்டும். டிசம்பர் மாத மூடுபனிக் காலையில் அதற்கு ஐ.எஸ்.ஓ. 3200 தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். அசையாத பறவையென்றால், ஐ.எஸ். உள்ள லென்ஸில் 1/50 வைத்து 400-இல் எடுத்துவிடலாம். தொடக்கநிலை கேமராவில் 3200-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை: வியூஃபைண்டரில் காட்சி ஆடாமல் நிற்பதால், 1500டி-யில் இருக்கிற ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் ஒன்றைப் பறவையின் கண்ணில் வைக்க முடிகிறது.

“ஃபுல்-ஃப்ரேம் லென்ஸா வாங்கினா நாளைக்கு உதவும்” என்பது அடுத்த அஸ்திரம். நிகானில் இது நேரெதிராகவே போய் முடியும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏ.எஃப்-டி 70-300-ஐ அவற்றில் மாட்டினால் கையால்தான் திருகவேண்டும். நாளைக்கே மிரர்லெஸ் வாங்கி எஃப்.டி.இசட். அடாப்டர் போட்டாலும் அந்த லென்ஸில் ஆட்டோஃபோகஸ் வராது. டி.எக்ஸ். (சிறிய சென்சாருக்கானது) என்று ஒதுக்கப்படும் ஏ.எஃப்-பி 70-300-க்கு வரும்.

எஃப்/2.8 இல்லாத டெலி வீண் என்பவர்களுக்கு நீண்ட பதில் வேண்டாம். 70-200 எஃப்/2.8 ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ; விலை கேமராவைப் போலப் பல மடங்கு.

300-காரர்களின் கடைசிப் புகலிடம் ஓக்லா. நடு நீரில் மிதக்கும் ஊசிவால் வாத்துக்கு 250 போதாது என்கிறார்கள். போதாதுதான், 300-உம் போதாது. அதற்கு 150-600 போன்ற லென்ஸ் வேண்டும்; அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ. அதை வாங்கினாலும் யமுனை மேல் படியும் பனியும் புகையும் நடுவில் நிற்கும்; வெயில் காலத்தில் கானல் அலை நிற்கும். காற்றில் கரைந்த விவரத்தை எந்த மி.மீ.யும் திருப்பித் தராது. வெயில் ஏறிப் பனி விலகும்வரை காத்திருந்து கரையோரப் பறவையை எடுப்பதே வழி.

300-இன் மேல் எனக்குப் பகையில்லை. நிகானின் ஏ.எஃப்-பி டி.எக்ஸ். 70-300 வி.ஆர். 415 கிராமில் நல்ல லென்ஸ். டி3400, டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் பார்வைக்கு அதே மாதிரி, வி.ஆர். இல்லாமல், விலை குறைந்த ஒன்றும் இருக்கிறது, ஏமாறாதீர்கள். டி3200, டி5100, அவற்றுக்கும் முந்தைய கேமராக்களில் ஏ.எஃப்-பி ஃபோகஸ் ஆகாது, அவற்றுக்கு ஏ.எஃப்-எஸ் 55-200 வி.ஆர். அல்லது 55-300 வி.ஆர். கேனான்காரர்களுக்கு 55-250 எஸ்.டி.எம்.

சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி கேமரா சந்தைக்குப் போவதானால் உங்கள் கேமராவைக் கையோடு எடுத்துப் போங்கள். லென்ஸை அதில் மாட்டி ஃபோகஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய லென்ஸ் என்றால் போன் டார்ச்சை உள்ளே அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். குழல் மேல் ஐ.எஸ். அல்லது வி.ஆர். என்ற இரண்டு எழுத்துகள் இல்லையென்றால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.