பேருக்கு மயங்கலாமா?

பெண் குதிரைக்கு ஜோடி தேடுகிறவர்கள், "பந்தயத்தில் ஜெயித்த குதிரையா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது மட்டும் போதாது!

அமெரிக்காவில் செக்ரடேரியட் என்று ஒரு குதிரை இருந்தது. 1973-ல் பெல்மான்ட் பந்தயத்தில், அடுத்த குதிரையைவிட 31 குதிரை நீளம் முந்தி ஜெயித்தது. அதன் குட்டிகள் சில நன்றாக ஓடின. ஆனால், தகப்பனுக்கு நிகராக ஒன்றுகூட ஓடவில்லை!

குட்டிக்குப் பாதிக் குணம் தாயிடமிருந்து வருகிறது. ஆகவே, முதலில் சொந்தக் குதிரையைப் பார்க்கவேண்டும். அதற்குக் கால் கோணலா? மிரளும் குணமா? அந்தக் குறை இல்லாத பொலிகுதிரையைத் தேடவேண்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே குறை இருந்தால், குட்டிக்கும் அது வரக்கூடும்.

பெண் குதிரை 11 மாதம் சுமக்கிறது. நொண்டிக் குட்டி பிறந்தால், தகப்பனின் பேரா அதைத் தாங்கி நடக்கும்?