பெட்டின்னா இது பெட்டி

ஜாஸ் பாக்ஸ் செட்டுல பாதி அலமாரி அழகுக்குத்தான்னு நினைக்கிறேன். (அடிக்க வராதீங்கப்பா!) சார்லி பார்க்கரே ஆனாலும், பாதியில நின்னுபோன டேக் உட்பட ஒரே பாட்டை வரிசையா அடுக்கினா எத்தனை தடவை கேப்பீங்க?

பில் இவான்ஸோட வில்லேஜ் வேன்கார்ட் பெட்டி வேற ரகம். 1961 ஜூன் 25, நியூயார்க். ஒரே ஞாயித்துக்கிழமை வாசிச்ச அஞ்சு செட்டும், வாசிச்ச வரிசையிலயே, 3 சிடியில. 2005ல வந்தது. முதல் பாட்டுல கரண்ட் போய் பதிவு அறுந்ததைக்கூட அப்படியே விட்டிருக்காங்க!

பதினோரு நாள் கழிச்சு, பாஸ் வாசிச்ச ஸ்காட் லஃபாரோ கார் விபத்துல போயிட்டார். வயசு 25. அடுத்து வந்த ஆல்பத்துக்கு அவர் வாசிப்பு தூக்கலா தெரியுற பாட்டுகளாப் பொறுக்கினாங்க. அது அஞ்சலி. பெட்டியில அஞ்சலி எல்லாம் இல்லை... கிளாஸ் சத்தம், அரட்டை, நடுவுல அவர் பாட்டுக்கு வாசிச்சுட்டிருக்கார். நான் அதைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன்.